பையில் மிஞ்சிய ஒரு கல்

நிலவியல் அலமாரியின் சாவியை உங்களிடம் கொடுத்தாயிற்று. பட்டியலைப் பார்த்துச் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். பார்த்துப் போட்டீர்களா, பார்க்காமல் போட்டீர்களா என்று கேட்கமாட்டேன். சேர்ந்த புதிதில் நானும் பார்க்காமல்தான் போட்டேன். பட்டியலின் கடைசி வரியில் "காக்கிப் பை ஒன்று, காலி" என்று இருக்கும். அது காலி இல்லை. உள்ளே ஒரு கல் கிடக்கும். அதை நான் எந்தப் பட்டியலிலும் ஏற்றவில்லை. ஏன் என்று சொல்லத்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்கள் மூன்று பேரையும் டீ ஆறிப்போன பிறகும் உட்கார வைத்திருக்கிறேன்.

நான் முன்கோபி. இந்த டெல்லித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் வராந்தாவில் வருகிற செருப்புச் சத்தம் கேட்டாலே எட்டாம் வகுப்பு அடங்கிவிடும். என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்று வெளியில் பெருமை வேறு அடித்துக்கொள்வேன். அந்த அமைதியை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

சேர்ந்த புதிதில் பாறைகளைச் சுவர்ப் படம் மாட்டித்தான் நடத்தினேன். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை. பிள்ளைகள் அதை சுலோகம் மாதிரி ஒப்பித்தார்கள். டெல்லியில் பிறந்த பிள்ளைகள். வீட்டில் ஒரு தமிழ், தெருவில் ஹிந்தி, புத்தகத்தில் இன்னொரு தமிழ். பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பையனிடம் ஒரு நாள் உடைந்த செங்கல் துண்டு ஒன்றைக் கொடுத்து, இது என்ன பாறை என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிவுப்பாறை சார்" என்றான். அவனை அடிக்கவில்லை. படத்தைக் கழற்றிச் சுருட்டி அலமாரி மேல் போட்டேன்.

அப்புறம்தான் இந்தப் பை வந்தது. வெளியே கூட்டிப் போவேன். ஆளுக்கு ஒரு கல் பொறுக்கச் சொல்வேன். ஐந்து நிமிடம் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும். எடை, முனை, நிறம், மினுமினுப்பு, எங்கே கீறல், எங்கே குழி. பிறகு எல்லாரும் கல்லைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். கிளம்பும்போது பையை ஜமக்காளத்தில் கொட்டிவிடுவேன். அவரவர் கல்லை அவரவர் கண்டுபிடிக்க வேண்டும். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சார்" என்று முதலில் அழுவார்கள். ஐந்து நிமிடம் ஒழுங்காகப் பார்த்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே தன் கல்லை எடுத்துவிடும். இதை நீங்களும் செய்யுங்கள். இதைவிட நல்ல பாடம் என்னிடம் கிடையாது.

இனி கோமதியைப் பற்றி. எழுபதுகளின் கடைசியில் எட்டாம் வகுப்பில் இருந்தாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்காரி, திருநெல்வேலிக் குடும்பம். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய ஒற்றைச் சடையோடு கடைசி பெஞ்சில் இருப்பாள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம். அங்கே ஓடைக்கரையில் கிடைத்த ஒரு சங்குக் கல்லை டிரங்குப் பெட்டியில் போட்டு இங்கே கொண்டு வந்திருந்தேன். இன்னமும் அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் கடலில் ஊர்ந்த பிராணி, செத்து மண்ணில் புதைந்து கல்லாகிப் போனது என்று சொல்லிக் கைக்குக் கை அனுப்பினேன். அது கோமதியிடம் போனபோது அதைக் காதில் வைத்துக் கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"சார், அது செத்தப்புறம் கல்லாச்சா, கல்லாயிட்டே வந்ததாலே செத்துச்சா?"

இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை கேட்ட நல்ல கேள்வி அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்றேன். பதில் சொல்ல எனக்கு அரை நிமிடம் தேவைப்பட்டது. அந்த அரை நிமிடத்தைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்ற கௌரவம்.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் வகுப்பை மெஹ்ரோலிக்கு அப்பால் ஒரு பழைய கல்குவாரிக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்தேன். வேலை நின்று பல வருஷமான குவாரி. மேலே ஒரு அகலமான மேடை, கீழே செங்குத்தாக ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் பச்சையாய்த் தேங்கிய தண்ணீர். தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே ஒரு பக்கச் சுவரில் ஒரு பலகைப் பாறை உண்டு. அதன் முகம் முழுக்க அலை. கரையோர மணலில் அலை வந்து போனால் வரி வரியாய் நிற்குமே, அதே வரி அப்படியே கல்லாகி நிற்கும். நூறு கோடி வருஷத்துக்கும் முந்தைய கடல்.

முந்தின நாள் வகுப்பில் இதைச் சொன்னேன். அந்தப் பாறையில் சங்கு கிடைக்குமா என்று ஒருவன் கேட்டான். கிடைக்காது என்றேன். "அந்தக் கடலுக்குக் கரை இருந்தது, அலை இருந்தது, வெயில் இருந்தது. நடக்கிறதுக்கு ஒரு நண்டு கூடக் கிடையாது. அலை வந்து போனதைப் பார்க்க யாருமே இல்லை." சொன்ன எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பின்னால் கோமதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாறை ஆபத்தான இடத்தில் இருக்கிறது, மேலிருந்து காட்டுவேன், யாரும் கீழே இறங்கக் கூடாது என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன்.

புறப்படும் காலையில் வாசலில் நின்று அனுமதிக் கடிதங்களை வாங்கினேன். கோமதியின் கடிதத்தில் அவள் அம்மா கையெழுத்து இருந்தது. தமிழில், நிதானமாக, எழுத்து எழுத்தாகப் போட்ட கையெழுத்து.

"அப்பா எங்கே?"

"ஆபீஸ் வேலையா கேம்ப் போயிருக்காக சார். வர்ற வாரம்தான் வருவாக."

"தகப்பனார் கையெழுத்துதான் வேணும்னு போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா? வீட்டுக்குப் போ."

அவள் கடிதத்தை மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். நான் வருகைப் பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே கோடு போட்டேன். மற்றவர்கள் இருபத்தெட்டு பேர். கோடு போட்டதோடு அவளை மறந்தும் போனேன்.

கூட வந்தவர் தையல் டீச்சர். பெண் பிள்ளைகள் வருவதால் ஒரு பெண் ஆசிரியை வேண்டும் என்பதற்காக வந்தவர். அவரை நான் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் வாடகைக்கு எடுத்தது. டிரைவர் ஹரியானாக்காரர், வயதானவர், என்னை மாஸ்டர்ஜி என்று கூப்பிடுவார். வழியில் மோதி பாக் பக்கத்தில் டயர் பஞ்சர். அதில் இரண்டு மணி நேரம் போயிற்று. குவாரிக்குப் போய்ச் சேர்ந்தபோதே உச்சி வெயில்.

பிள்ளைகள் கல் பொறுக்கினார்கள், பார்த்தார்கள், பையில் போட்டார்கள். பூரியும் உருளைக்கிழங்கும் தின்றார்கள். விளிம்பில் கயிறு கட்டி, ஐந்து ஐந்து பேராக நிறுத்தி, கீழே இருக்கும் அலைப் பாறையைக் காட்டினேன். வெயில் கண்ணில் அடித்ததால் யாருக்கும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. "தெரியுதா?" என்று அதட்டினேன். "தெரியுது சார்" என்று எல்லாரும் சொன்னார்கள்.

இரண்டரை மணி இருக்கும், காற்று சட்டென்று நின்றது. டெல்லியில் ஏப்ரல், மே மாதங்களை அறிந்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும். மேற்கே வானம் பழுப்பாக எழும்பி நின்றது. வெயிலின் நிறம் பித்தளையாகிவிட்டது. கீகர் என்று இங்கே சொல்கிற கருவேல மரங்களில் அதுவரை கத்திக்கொண்டிருந்த குருவிகளைக் காணோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு மயில் மட்டும் அகவியது. மயில் அகவுவது குழந்தை அழுவது போலத்தான் இருக்கும். அன்றைக்கு ரொம்பவே அப்படி இருந்தது. ஒரு சின்னப் பெண் தையல் டீச்சரின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆந்தி ஆ ரஹீ ஹை, மாஸ்டர்ஜி. ஜல்தி," என்றார் டிரைவர். புழுதிப் புயல் வருகிறது, சீக்கிரம்.

பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிற்க வைத்துப் பதிவேட்டைத் திறந்தேன். வகுப்பில் கூப்பிடுகிற மாதிரியே உரக்கப் பேர் படித்தேன். ஒவ்வொருவரும் "உள்ளேன் ஐயா" என்றார்கள். ஒவ்வொரு "உள்ளேன் ஐயா"வையும் எதிர்ச்சுவர் வாங்கி இன்னொரு முறை சொன்னது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பத்துப் பேர் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு நின்று பதில் சொல்வது போல இருந்தது. கடைசிப் பேரும் படித்தாயிற்று. அவன் சொன்னான், சுவரும் சொன்னது. பதிவேட்டை மூடினேன்.

கீழேயிருந்து, மெதுவாக, இன்னொரு முறை "உள்ளேன் ஐயா" என்று கேட்டது.

இருபத்தெட்டு பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். டிரைவர் காதைத் தொட்டுக்கொண்டார்.

"யஹாங் கின்தி மத் கீஜியே, மாஸ்டர்ஜி," என்றார். இங்கே எண்ணாதீர்கள். குவாரி ஓடிய காலத்தில் வெடி வைத்தபோது மேல்சுவர் சரிந்து கூலியாட்கள் சிலர் புதைந்தார்களாம். மேஸ்திரி ஆளை எண்ணினாராம். எத்தனை முறை எண்ணினாலும் ஒருவர் கூடக் குறையாமல் ஆள் சரியாக இருந்ததாம். அதன் பிறகு இங்கே நின்று யார் எண்ணினாலும் ஒன்று கூடுதலாக வருமாம்.

எனக்கு வந்ததே கோபம். விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கக் கூட்டி வந்த இடத்தில் பேய்க்கதையா? பிள்ளைகள் பக்கம் திரும்பி, எதிரொலி என்றால் என்ன என்று பாடம் எடுத்தேன். ஒலி போய்ப் பாறையில் படுகிறது, திரும்புகிறது, தூரம் வேறு வேறாக இருந்தால் ஒரே குரல் இரண்டு முறை கேட்கலாம், இதில் பயப்பட ஒன்றுமில்லை. அழகாகத்தான் சொன்னேன். நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கீழே ஒரு குழந்தை இருந்தது. அதன் குரல் என் காதிலேயே விழுந்தது. நான் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார், கிளம்பிடலாம்," என்றார் தையல் டீச்சர். "கல்லு விளையாட்டெல்லாம் இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

விளையாட்டு என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வீம்புக்காகவே ஜமக்காளத்தை விரித்துப் பையைக் கொட்டினேன். பிள்ளைகள் குனிந்து அவசர அவசரமாகத் தங்கள் கல்லை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். "எல்லாருக்கும் கிடைச்சுதா?" "கிடைச்சுது சார்." இருபத்தெட்டு கைகளில் இருபத்தெட்டு கற்கள். ஜமக்காளத்தின் நடுவில் ஒரு கல் மிச்சம் இருந்தது.

"யாருடையது இது?"

ஒவ்வொரு முகமாக முறைத்தேன்.

"யார் ரெண்டு கல் போட்டது? இப்பச் சொல்லிட்டா விட்டுடுவேன். நானாக் கண்டுபிடிச்சா தோலை உரிச்சுடுவேன்."

ஊசி விழுந்தால் கேட்கும். என் பிரசித்தி பெற்ற அமைதி. அதில் இரண்டு பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். புயலுக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். டிரைவர் பஸ்ஸில் ஏறி ஹாரனை அழுத்தினார். இருபத்தெட்டு பிள்ளைகளையும் அந்த வெட்டவெளியில் நிறுத்தி வைப்பது தப்பு என்று எனக்கும் தெரிந்தது. பதிவேடு சரியாக இருக்கிறது, ஆள் சரியாக இருக்கிறது, போய்விடலாம் என்று கல்லைக் குனிந்து எடுத்து வீசப் போனேன்.

தையல் டீச்சர் என் முழங்கையைத் தொட்டார். அதுவரை அவர் என்னிடம் வணக்கத்துக்கு மேல் நாலு வார்த்தை பேசியதில்லை.

"சார், என் கிளாஸ்லே ஊசி காணாமப் போகும்," என்றார் தணிந்த குரலில். "யார் தொலைச்சதுன்னு நான் கேட்க மாட்டேன். கேட்டா ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டா. ஊசி கிடைக்காது, யார் கால்லயாவது ஏறிடும். எங்க விழுந்ததுன்னு மட்டும் கேட்பேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு எங்கன்னு கேளுங்க."

"என்ன எங்கே?"

"எனக்குத் தெரியாது சார். அந்த ரெண்டு பொண்ணுகளுக்குத் தெரியும்."

பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு ஒரு வகுப்புக்கு நான் முதுகைக் காட்டியது கரும்பலகையில் எழுதும்போது மட்டும்தான். "யாருன்னு கேட்க மாட்டேன்," என்றேன். "யாரையும் அடிக்க மாட்டேன். எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

மேற்கிலிருந்து புழுதி உறுமிக்கொண்டு வருவது கேட்டது. அதற்கு நடுவில் பின்னாலிருந்து ஒரு குரல், "கீழே சார். அலைக் கல்லுக்கிட்ட," என்றது. இன்னொரு குரல் அழுதுகொண்டே, "கோமதி சார்," என்றது.

வாசலில் நான் விரட்டியவளை, சிநேகிதிகள் இரண்டு பேரும் பஸ்ஸின் கடைசி இருக்கைக்கு அடியில் வேறொரு ஜமக்காளத்தைப் போட்டு மூடிக் கூட்டி வந்திருந்தார்கள். பஞ்சர் ஒட்டிய இரண்டு மணி நேரமும் அவள் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறாள். எல்லாரும் இறங்கின பிறகு இறங்கி, என் கண்ணில் படாமல் கீகர் புதருக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறாள். பூரி தின்கிற நேரத்தில் கீழே இறங்கியவள் திரும்பி வரவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது அந்தப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

தையல் டீச்சர் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி ஜன்னல்களை அடைக்க ஆரம்பித்தார். டிரைவர் இறங்கி வந்தார். அந்த இடத்துக்குப் பயந்தவர் அவர்தான். இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "சலியே," என்று எனக்கு முன்னால் நடந்தார். வாருங்கள், போகலாம்.

பாதி இறங்குவதற்குள் புயல் எங்கள் மேல் விழுந்தது. மூன்று மணிப் பகல், கையை நீட்டினால் கை தெரியவில்லை. வாயெல்லாம் மண். டிரைவர் கயிற்றின் ஒரு முனையை மேலே கீகர் அடிமரத்தில் கட்டியிருந்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி இறங்கினோம். "கோமதி, எங்கடி இருக்கே?" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். காற்றும், கீழே தண்ணீர் பாறையில் அடிக்கிற சத்தமும்தான். அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். உள்ளங்கைக்குக் கீழே சுவர் வரி வரியாக மாறியது. அலைப் பாறை. கண் தெரியாத இருட்டில், யாருமே பார்க்காத அந்தக் கடலின் கரையைக் கையால் தடவிக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் ஞாபகம் வந்தது. எங்கடி என்று கேட்டால் அவள் பேசமாட்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு, பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிற குரலில், தினமும் காலையில் கூப்பிடுகிற மாதிரி, "கோமதி," என்றேன்.

"உள்ளேன் ஐயா."

என் காலுக்கு இரண்டடி தள்ளி. இரண்டு கல்லுக்கு நடுவில் வலது கால் மாட்டி, பாறையோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு முழம் கீழே தண்ணீர். டிரைவர் "ராம் ராம்" என்று சொல்லிக்கொண்டே கல்லைப் பெயர்த்தார். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். கன்னத்தில் அலை வரி அழுத்திப் பதிந்திருந்தது. அவ்வளவு நேரம் பாறையில் முகத்தைச் சாய்த்தபடியே இருந்திருக்கிறாள்.

"மேலே பேர் கூப்பிட்டப்போ நீதானே பதில் சொன்னே?"

"ஆமா சார். எல்லார் பேரும் வந்துச்சு. என் பேரு வரல்லே. அதான் நானாச் சொன்னேன்."

மேலே வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். புழுதி கண்ணில் விழுந்ததாக டிரைவர் நினைத்திருப்பார், அல்லது நினைத்த மாதிரி இருந்தார்.

பஸ்ஸில் தையல் டீச்சர் தைப்பதற்காகக் கையோடு கொண்டுவந்திருந்த ரவிக்கைத் துணிப்பொட்டலத்தைப் பிரித்துக் காலுக்குக் கட்டுப் போட்டார். கணுக்கால் வீங்கியிருந்தது, எலும்பு முறியவில்லை. புயல் ஓய்ந்து பஸ் நகர்ந்ததும் என் சட்டைப் பையில் கனத்தது நினைவுக்கு வந்தது. மிச்சமிருந்த கல். வீசப் போனவன் எப்போது பையில் போட்டேன் என்று தெரியவில்லை. அவளிடம் நீட்டி, "இந்தா, உன் கல்லு. இது மட்டும் இல்லேன்னா..." என்றேன்.

அவள் வாங்கவில்லை. கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது என்னுது இல்லே சார்."

"நல்லாப் பாரு."

"நான் பையிலே கல்லே போடலியே சார். கிட்ட வந்தா நீங்க பாத்துடுவீங்கல்லே."

அவள் சொன்னது நியாயம்தான். பை காலை முழுக்க என் காலடியில்தான் இருந்தது. பஸ்ஸில் இருந்த இருபத்தெட்டு பேரையும் கேட்டேன். இந்த முறை மிரட்டாமல், ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்டேன். எல்லாரும் தங்கள் தங்கள் கல்லைக் காட்டினார்கள். யாரும் இரண்டு போடவில்லை. அப்புறம்தான் நான் அந்தக் கல்லைப் பார்த்தேன். பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் பார் என்கிறவன் அதுவரை ஐந்து விநாடி கூட அதைப் பார்த்திருக்கவில்லை. ஒரு பக்கம் தட்டை. அந்தத் தட்டை முகத்தில் விரல் ரேகை அளவுக்குச் சின்னச் சின்ன வரிகள். அந்தக் கல் மேல் மேடையில் கிடைக்காது. கீழே அந்தச் சுவரில் மட்டும்தான் உண்டு. அதுவரை அங்கே இறங்கியிருந்தவள் ஒருத்திதான்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை நான் பேய்க்கதை என்று தள்ளியதற்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். "ரக் லீஜியே, மாஸ்டர்ஜி," என்று மட்டும் சொன்னார். வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே லக்ஷ்மிபாய் நகருக்குப் போனேன். கோமதியின் அம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். கையெழுத்து செல்லாது என்று திருப்பி அனுப்பியது, கீழேயிருந்து கேட்ட குரலை எதிரொலி என்று சொன்னது, எல்லாம். அந்த அம்மாள் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே போய் மகளின் பாவாடைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து, மடிப்பை நீவிவிட்டு, என் முன்னால் வைத்தார்.

"அவுக வர்றதுக்கு இன்னும் நாலு நாள் ஆகும் சார். இந்தக் கையெழுத்து இப்பமாவது செல்லுமா?"

"செல்லும்மா," என்றேன். வேறு என்ன சொல்ல? வாங்கிக்கொண்டு வந்து பதிவேட்டுக்குள் வைத்தேன். தலைமையாசிரியர் எனக்கு மெமோ கொடுத்தார், கொடுக்க வேண்டியதுதான். இரண்டு வருஷம் வெளியே பிள்ளைகளைக் கூட்டிப் போக அனுமதி இல்லை. மறுவாரம் கோமதி நொண்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். சங்குக் கல்லை அவள் கையில் கொடுத்து, "நீ கேட்டதுக்கு எனக்கு அன்னிக்குச் சட்டுன்னு பதில் தெரியல்லே. செத்தப்புறம்தான் கல்லாச்சு," என்றேன். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை.

அந்தக் கல் எப்படிப் பைக்குள் வந்தது என்று கேட்பீர்கள். பழைய பயணம் எதிலோ அடியில் தங்கியிருக்கலாம். ஆனால் முந்தின நாள் பையை உதறி வெயிலில் காயப்போட்டது நான்தான். யாரோ ஒரு பிள்ளை போட்டுவிட்டுப் பயத்தில் மறைத்திருக்கலாம். ஆனால் கீழே இறங்காத பிள்ளைக்கு அந்தக் கல் எங்கே கிடைக்கும்? மேலே உடைந்து விழுந்த துண்டு ஒன்று கிடந்திருக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் வெளிச்சத்தில் நிற்கும்போது இந்தக் காரணங்கள் போதுமானவையாக இருக்கின்றன. அலமாரியைத் தனியாகத் திறக்கிற நாட்களில் அவ்வளவாகப் போதவில்லை. நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

அதனால் பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் அவரவர் கல்லை எடுத்துக்கொண்ட பிறகு அந்த ஒன்று ஜமக்காளத்தில் கிடக்கட்டும். யாராவது ஒரு பிள்ளை கேட்கும், இது யாருதுன்னு. அப்போது சுற்றும் முற்றும் ஒரு தரம் பாருங்கள். இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். வெளியே எங்கே போனாலும், பதிவேட்டில் கடைசிப் பேரைப் படித்த பிறகு, "பேர் கூப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், வாத்தியாருக்கு வயசாகிவிட்டது என்று. சிரிக்கட்டும்.

அதன் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு முறை கூடப் பதில் வந்ததில்லை. உங்களுக்கு வந்தால், எதிரொலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.